விண்வெளியில் சூரிய ஒளியைக் குவித்து மின்சாரம் எடுப்பது: மட்டக்களப்பு, அம்பாறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடி, ஏறாவூர், களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று பல ஊர்ப் பிள்ளைகளோடு விண்வெளித் தொழில்நுட்பம் பற்றிப் பேசியிருக்கிறேன். சூரியக் குவிப்பான் என்று வாயெடுத்தால் கேள்விகள் அடங்குவதில்லை. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மாணவர்கள், கூரையில் சோலார் பூட்டும் தம்பிமார், ஆசிரியர்கள் எனப் பலரும் கேட்டதை இங்கே பதிலோடு தொகுத்திருக்கிறேன். கணக்கு வரும் இடத்தில் அதை ஒளிக்கவில்லை. உயர்தரக் கணிதம் தெரிந்தால் போதும்.

எவ்வளவு குறைவாகக் குவித்தால் வேலை முடியும் என்ற கேள்வியோடுதான் இந்த வடிவமைப்பைத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பது போகப் போக விளங்கும்.

குவிப்பான் என்றால் என்ன? செய்மதிக்கு அது எதற்கு?

பெரிய பரப்பில் விழும் வெயிலை ஆடியாலோ வில்லையாலோ சிறிய பரப்பில் சேர்க்கும் கருவிதான் குவிப்பான். சேர்த்த ஒளியைச் சூரியக் கலத்தின் மேல் விழச் செய்து நேரடியாக மின்சாரம் எடுக்கலாம். அல்லது அதைக் கொண்டு ஒரு வாயுவைச் சூடாக்கி, சுழலியைச் சுற்றியும் எடுக்கலாம்.

செய்மதிகளில் பூட்டும் கலங்கள் நம் கூரையில் இருக்கும் சிலிக்கன் கலங்கள் போன்றவை அல்ல. ஜேர்மானியம் என்ற தனிமத்தாலான தகட்டின் மேல் மூன்று குறைகடத்தி அடுக்குகளை வளர்த்துச் செய்தவை. வினைத்திறன் கிட்டத்தட்ட 30%, விலையோ மிக அதிகம். எட்டு மடங்கு குவித்தால், அதே வலுவுக்குக் கலத்தின் பரப்பு எட்டில் ஒன்றாகிறது. மீதி இடத்தை மெல்லிய வில்லையோ பளபளப்பான படலமோ நிரப்புகிறது.

இன்னொரு ஆதாயத்தைப் பலர் கவனிப்பதில்லை. புவியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சுப் பட்டைகளில் இலத்திரன்களும் புரோத்தன்களும் கலங்களை மெல்ல மெல்லக் கெடுக்கும். கலத்தின் மேல் தடித்த கண்ணாடி ஒட்டினால் காப்பாற்றலாம், ஆனால் நிறை ஏறும். கலம் சிறியதாக இருந்தால் தடித்த கண்ணாடி போட்டாலும் நிறை பெரிதாகக் கூடாது. கதிர்வீச்சு கடுமையான ஒழுக்குகளுக்கு (சுற்றுப்பாதைகளுக்கு) குவிப்பானைப் பரிந்துரைக்கும்போது விலையை விட இந்தக் காரணத்தைத்தான் நான் முன்னால் வைப்பேன்.

எங்கள் ஊரில் வெயிலுக்குக் குறைவில்லையே, இங்கே ஏன் யாரும் குவிப்பான் போடுவதில்லை?

வாழைச்சேனையில் சோலார் பூட்டும் ஒரு தம்பி கேட்டது. நல்ல கேள்வி. குவிப்பானுக்குச் சூரியனிலிருந்து நேராக வரும் கதிர் வேண்டும். முகிலிலும் ஈரக் காற்றிலும் பட்டுச் சிதறி, வானம் முழுவதிலிருந்தும் வரும் ஒளியை எந்த வில்லையாலும் ஓரிடத்தில் சேர்க்க முடியாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று கிடக்கும் நம் கரையோரத்தில் தெளிவான நாளில்கூட ஒளியில் ஒரு நல்ல பங்கு சிதறித்தான் வருகிறது. வாடைக்கால மழை தொடங்கிவிட்டால் சொல்லவே வேண்டாம். சாதாரணப் பேனல் சிதறிய ஒளியையும் வாங்கிக்கொள்ளும். அதோடு சிலிக்கன் பேனலின் விலையும் இப்போது மிகவும் இறங்கிவிட்டது. சூரியனைத் துரத்தித் திரும்பும் பொறி வைக்கும் செலவுக்கு இன்னும் நாலு பேனல் போட்டுவிடலாம்.

விண்வெளியில் வானம் கறுப்பு. புவி இருக்கும் தூரத்தில் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1361 வாற்று வருகிறது, அத்தனையும் நேர்க்கதிர். தூசியும் முகிலும் கிடையாது. குவிப்பானுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

ஆகக்கூடியது எத்தனை மடங்கு குவிக்கலாம்?

ஏறத்தாழ 46,000 மடங்கு. வெற்றிடத்திலோ காற்றிலோ அதற்கு மேல் எந்தத் தொழில்நுட்பத்தாலும் முடியாது.

காரணம், சூரியன் ஒரு புள்ளி இல்லை. நம் கண்ணுக்கு அது 0.53 பாகை அகலமுள்ள வட்டம். அதனால் அதன் விம்பமும் ஒருபோதும் புள்ளியாகாது. குவியத்தூரம் 1 மீற்றர் என்றால் சூரிய விம்பம் ஏறக்குறைய 9.3 மில்லிமீற்றர் அகலம் இருக்கும். சூரியனின் அரைக்கோணம் 0.267 பாகை. அதன் சைனின் வர்க்கத்தால் 1ஐ வகுத்தால் அந்த 46,000 வரும். குழாய் போல ஒரு திசையில் மட்டும் குவிக்கும் கோட்டுக் குவிப்பான் என்றால் வர்க்கம் எடுக்கத் தேவையில்லை, எல்லை 215 மடங்குதான். சாதாரணப் பரவளைவுக் கிண்ணத்தின் குவியத்தில் தட்டையான தகடு வைத்தால் அந்த 46,000இல் காற்பங்குவரைதான் கிடைக்கும்.

இந்த எல்லையை வெப்ப இயக்கவியல் வழியாகவும் காணலாம், எனக்கு அந்த வழிதான் பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் கதிர்வீசும் கரும்பொருளின் மேல் 1361 வாற்று விழுந்தால், ஸ்டெபான்-போல்ற்ஸ்மான் விதிப்படி (வீசும் வெப்பம் வெப்பநிலையின் நாலாம் அடுக்குக்கு விகிதசமம்) அது ஏறத்தாழ 394 கெல்வினுக்கு வரும். குவிப்பு 46,000 ஆனால் வெப்பநிலை அதன் நாலாம் மூலத்தால், அதாவது 14.6 மடங்கால் பெருகும். 394ஐ 14.6ஆல் பெருக்கிப் பாருங்கள். சுமார் 5770 கெல்வின், சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலை! சூரியனை விடச் சூடான ஒன்றைச் சூரிய ஒளியால் மட்டும் உண்டாக்க முடியாது என்ற விதியும், மேலே போட்ட கோணக் கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

அப்படியென்றால் உண்மையான விண்கலங்களில் ஏன் ஏழு எட்டு மடங்கோடு நிறுத்துகிறார்கள்?

1998 ஒக்டோபர் 24 அன்று நாசா ஏவிய டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தின் இரு சூரியப் பேனல் இறக்கைகளிலும் ஸ்கார்லெட் என்ற குவிப்பான் தொகுதி இருந்தது. சிலிக்கோனால் செய்த 720 உருளை வடிவப் பிரெனெல் வில்லைகளின் (தடித்த வில்லையின் வளைவைப் பல ஒடுங்கிய வரிகளாக நறுக்கி மெல்லியதாக்கிய வில்லைகளின்) கீழ் 3600 கலங்கள். புவியின் தூரத்தில் 2500 வாற்று தந்தது, குவிப்பு 7 மடங்கை ஒட்டித்தான். அந்த மின்சாரம்தான் விண்கலத்தின் அயன் இயந்திரத்தை ஓட்டியது. 1999இல் பிரெய்ல் என்ற சிறுகோளையும் 2001இல் பொரெலி வால்வெள்ளியையும் அது கடந்து போனது.

ஏன் 700 மடங்கு வைக்கவில்லை? குவிப்புக்கு ஒரு விலை உண்டு, அது கோணம். குவிப்பு கூடக் கூட, சூரியனின் திசையிலிருந்து இத்தனை பாகை விலகி நின்றாலும் பரவாயில்லை என்ற சலுகை சுருங்கிக்கொண்டே போகும். கோட்டுக் குவிப்பானில் 8 மடங்கு என்றால் கொள்கையளவில் இரு பக்கமும் 7.2 பாகை வரை விலகலாம். உண்மையான வில்லையில் ஏறத்தாழ 2 பாகை. 500 மடங்கு குவிக்கும் புள்ளிக் குவிப்பானில் கொள்கையளவு எல்லையே 2.6 பாகைக்குள் வந்துவிடும், நடைமுறையில் ஒரு பாகையிலும் குறைவு. வீச்சுவலைக்கும் தூண்டிலுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி: வாய் அகன்றது கொஞ்சம் தவறி விழுந்தாலும் மீனோடு வரும்.

விண்கலம் அசையாமல் நிற்கும் பொருளும் இல்லை. 90 நிமிடத்தில் புவியைச் சுற்றும் செய்மதியில், உடம்பு எப்போதும் புவியைப் பார்த்தபடி இருந்தால், இறக்கை நிமிடத்துக்கு 4 பாகை திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். நிழலுக்குள் போய் வெளியே வரும்போது சட்டகம் திடீரென்று சூடாகி வளைந்து துடிக்கும். பொருத்தும்போது வந்த சின்னப் பிழைகளும் இருக்கும். இத்தனையையும் கூட்டினால் ஒன்றிரண்டு பாகை எளிதில் போய்விடும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும் குவிப்பானைத்தான் நம்பி அனுப்பலாம்.

செய்மதி திசை தவறிச் சுழலத் தொடங்கினால் என்ன நடக்கும்?

வடிவமைப்பாளரைத் தூங்க விடாத கேள்வி இது. தட்டையான பேனல் 30 பாகை திரும்பினாலும் 87% வலுவைத் தரும், 60 பாகையில்கூடப் பாதி வரும். வில்லைக் குவிப்பான் 5 பாகை திரும்பினாலே விம்பம் கலத்தை விட்டு வெளியே போய்விடும். வலு நின்று, மின்கலம் இறங்கி, வானொலியும் அணைந்தால் செய்மதியை மீட்க வழியே இல்லாமல் போகலாம்.

அதனால் குவிப்பானோடு அனுப்பும் எந்தச் செய்மதியிலும் உடம்பில் கொஞ்சமாவது தட்டைக் கலங்கள் இருக்க வேண்டும் என்பேன். கணினியைப் பெரிதாக நம்பாமல் சூரியனைத் தேடிப் பிடிக்கும் எளிய சூரிய உணரியும் வேண்டும். டீப் ஸ்பேஸ் 1இல் நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை அறியும் கருவி 1999 நவம்பரில் செத்துப்போனது. ஆனாலும் சூரிய உணரியால் இறக்கைகள் வெயிலைப் பார்த்தபடி இருந்தன. பொறியியலாளர்கள் விண்கலத்தின் படக்கருவியையே திசை அறியப் பயன்படுத்தும் மென்பொருளை எழுதி அனுப்பும் வரை அது உயிரோடு இருந்தது. அதன் பிறகுதான் பொரெலியைப் பார்க்கப் போனது.

குவித்தால் கலம் எரிந்துவிடாதா? அங்கே காற்றும் இல்லையே.

காற்று இல்லாததால் வெப்பம் வெளியேற ஒரே வழி கதிர்வீசல்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வில்லை 90% ஒளியைக் கடத்துகிறது, கலம் 30% வினைத்திறன் என்று எடுத்தால், வில்லையின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் ஏறத்தாழ 857 வாற்று வெப்பமாக மிஞ்சும். குவிப்பு 8 என்றால் கலத்தின் சதுர மீற்றருக்கு அது 6850 வாற்று. கலம் தன் இரு பக்கத்தாலும் மட்டும் இதைக் கதிர்வீச வேண்டுமென்றால், கதிர்வீசுதிறன் 0.85 எனக் கொண்டு, 516 கெல்வினில், அதாவது 243 பாகை செல்சியசில்தான் சமநிலை வரும். கலம் உருப்படாது.

இனிக் கலத்தின் பின்னால் வில்லையின் அகலத்துக்கே மெல்லிய காபன் நார்த் தகடு ஒன்றை ஒட்டுவோம். வெப்பம் பக்கவாட்டில் ஓடித் தகடு முழுவதும் பரவினால் அதே கணக்கு 307 கெல்வின் தருகிறது. 34 பாகை செல்சியஸ்! உண்மையில் தகட்டின் நடுவுக்கும் ஓரத்துக்கும் வெப்பநிலை வித்தியாசம் இருக்கும், மேலே வில்லை கொஞ்சம் மறைக்கும், அதனால் இதைவிடச் சூடாகத்தான் இருக்கும். ஆனால் தட்டையான பேனலோடு ஒப்பிடக்கூடிய அளவில்தான்.

இங்கே குறைந்த குவிப்பின் அருமை இன்னொரு முறை தெரிகிறது. கலம் ஒடுங்கிய கோடாக இருந்தால் வெப்பம் ஓட வேண்டிய தூரம் சில சென்ரிமீற்றர்தான், மெல்லிய தகடு போதும். பெரிய கிண்ணத்தின் ஒளியையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டினால் வெப்பக்குழாயும் திரவமும் தேவைப்படும். குவிப்பில் மிச்சம் பிடித்த நிறையைக் குளிரூட்டல் தின்றுவிடும்.

குவிப்பதால் வினைத்திறனும் சற்று ஏறும். ஒவ்வொரு அடுக்கின் வோல்ற்றளவும் குவிப்பின் மடக்கைப்படி கூடும்: 26 மில்லிவோல்ற்றை 8இன் இயற்கை மடக்கையால் பெருக்கினால் 54 மில்லிவோல்ற். மூன்று அடுக்குக்கும் சேர்த்து 160. மொத்த வோல்ற்றளவில் ஏறத்தாழ 6%. கலம் குளிராக இருக்கும்வரைதான் இந்த இலாபம்.

வில்லை நல்லதா, ஆடி நல்லதா?

ஆடியில் ஒரு பாகை பிழை இருந்தால் தெறித்த கதிர் இரண்டு பாகை திரும்பிவிடும். வளைவாக அமைத்த பிரெனெல் வில்லையில் பரப்பு கொஞ்சம் நெளிந்தாலும், கதிர் உள்ளே போகும்போது வந்த பிழையை வெளியே வரும்போது ஏற்படும் முறிவு பெரும்பாலும் சரிசெய்துவிடும். வடிவப் பிழையைப் பொறுப்பதில் வில்லை ஆடியை விடப் பல மடங்கு மேல். மெல்லிய, மடிக்கக்கூடிய கட்டமைப்புக்கு இது பெரிய வரம். பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் பிரெனெல் இந்த வகை வில்லையை 1820களில் கலங்கரை விளக்கங்களுக்காக வடிவமைத்தார். விளக்கின் ஒளியைக் கடலுக்கு நேராக்கி அனுப்பிய வில்லை, இங்கே கடலைப் போல விரிந்து வரும் ஒளியைக் கோடாக்குகிறது.

வில்லைக்கும் குறை உண்டு. சிலிக்கோன் இறப்பர் புறஊதாக் கதிரில் பழுப்பாகும். தாழ்ந்த ஒழுக்கில் அணு ஒட்சிசன் அதன் மேற்பரப்பை அரித்துக் கண்ணாடியாக்கும். எனவே காப்புப் பூச்சு கட்டாயம்.

ஆடியில் மிக எளியது, பேனலின் இரு ஓரத்திலும் 60 பாகை சரிவில் தட்டை ஆடிகளை நிறுத்துவது. பேனலின் அகலமே ஆடிக்கும் இருந்தால் சரியாக இரண்டு மடங்கு குவிப்பு. போயிங் 702 வகைச் செய்மதிகளின் முதல் தொகுதி ஏறத்தாழ இந்த வழியில்தான் போனது. அந்தச் செய்மதிகளில் முதலாவது 1999 டிசம்பரில் ஏவிய கலக்சி 11. அப்புறம் வலு எதிர்பார்த்ததை விட வேகமாக இறங்கத் தொடங்கியது. பொருள்களிலிருந்து கசிந்த ஆவி ஆடிகளின் மேல் படிந்து மங்கச் செய்துவிட்டது. பின்னர் வந்த 702களில் அந்த ஆடிகளைக் கைவிட்டார்கள்.

அந்தக் கதையைப் படிக்கும் மாணவர் குவிப்பான் கெட்டது என்ற முடிவுக்கு வர வேண்டாம். பசை, வண்ணம், கம்பியின் உறை என எல்லாமே வெற்றிடத்தில் ஆவி விடும். ஆடி, சூடான பேனலுக்குப் பக்கத்தில், அதை விடக் குளிராக நிற்கிறது. ஆவி குளிர்ந்த இடத்தில் போய்ப் படிவதுதான் இயற்கை. சூடான பேனலைப் பார்த்தபடி குளிர்ந்த ஆடியை நிறுத்தும் எந்த வடிவமைப்பிலும், ஆவி எங்கே போகும் என்பதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

கலமே இல்லாமல், வெப்ப இயந்திரம் வைத்து எடுக்கலாமா?

எடுக்கலாம், அதற்குத்தான் உயர்ந்த குவிப்பு உண்மையில் தேவை. பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு முந்திய பிரீடம் திட்டத்தில் இந்த வகை வலுத்தொகுதிகள் இருந்தன, பிறகு செலவு காரணமாக நீக்கினார்கள். நாசா 1990களின் நடுவில் 2 கிலோவாற்றுத் தொகுதி ஒன்றை வெற்றிடக் கூடத்துக்குள் இயக்கிக் காட்டியது. கிண்ணம் ஒளியைக் குவிக்கும், ஈலியமும் செனனும் கலந்த வாயு சூடாகிச் சுழலியைச் சுற்றும். புவியின் நிழலில் இருக்கும் நேரத்துக்காக இலிதியம் புளோரைட்டும் கல்சியம் புளோரைட்டும் கலந்த உப்பை உருக்கி வெப்பத்தைச் சேமித்தார்கள். அந்த உப்பு உருகுவது 1040 கெல்வினில்.

1040 கெல்வினில், குவிந்த ஒளியை உள்வாங்கும் குழியின் வாய் சதுர மீற்றருக்கு 66 கிலோவாற்று வெப்பத்தை வெளியே வீசும். குவிப்பு 100 என்றால் உள்ளே வருவது 136 கிலோவாற்று, பாதி வந்த வழியே போய்விடும். குவிப்பு 1000 என்றால் இழப்பு 5% மட்டுமே. சூரியக் கலத்துக்கு எட்டு மடங்கு போதுமாக இருக்க, வெப்ப இயந்திரத்துக்கு ஆயிரம் ஏன் வேண்டும் என்பது இந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது.

பலூன் மாதிரி ஊதிப் பெரிய ஆடி செய்ய முடியாதா?

செய்திருக்கிறார்கள். 1996 மே மாதம் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து விட்ட விண்கலமொன்றில் 14 மீற்றர் அகலமான ஊதும் அலைவாங்கி விரிந்தது. ஒளிக்கான ஆடியில் சிக்கல் வடிவம்தான். தட்டையான படலத்தை ஊதினால் அது பரவளைவாகாது. கோளமும் ஆகாது. இரண்டுக்கும் இடைப்பட்ட வேறொரு வளைவு வரும். அதனால் ஊதிய பிறகு பரவளைவாகும்படி துண்டுகளை முன்கூட்டியே கணக்கிட்டு வெட்டி ஒட்ட வேண்டும். நுண்விண்கற்கள் துளை போடும் என்பதால் விரிந்த பிறகு தானாக இறுகும் சட்டமும் தேவை.

சூரியனிலிருந்து தூரப் போனால் குவிப்பான் கைகொடுக்குமா?

ஓரளவு. வியாழன் சூரியனிலிருந்து புவியை விட 5.2 மடங்கு தூரத்தில் இருக்கிறது, அங்கே சதுர மீற்றருக்கு 50 வாற்றுதான். ஜூனோ விண்கலம் குவிப்பான் இல்லாமல் பெரிய தட்டைப் பேனல்களோடே அங்கே போனது. புவிக்கருகில் 14 கிலோவாற்று தரக்கூடிய அந்த இறக்கைகள் வியாழனை அடைந்தபோது 500 வாற்றை ஒட்டித்தான் தந்தன. இல்லாத ஒளியைக் குவிப்பான் உண்டாக்காது, ஒளியை வாங்கும் வாயின் பரப்பு அதேதான் வேண்டும். ஆனால் மங்கலான ஒளியிலும் கடுங்குளிரிலும் சில கலங்களின் வினைத்திறன் விழுந்துவிடும். குவித்துக் கொடுத்தால் அந்தக் கலம் தனக்குப் பழக்கமான வெளிச்சத்தில் வேலை செய்யும். நாசா 2021இல் ஏவிய டார்ட் விண்கலத்தின் பேனலில் ஒரு சிறு பகுதியில் இதற்கான ஆடிக் குவிப்பான்களைப் பரீட்சித்தார்கள்.

1 கிலோவாற்றுக் குவிப்பான் வடிவமைக்கச் சொன்னால் எங்கே தொடங்குவது?

முடிவிலிருந்து. செய்மதியின் ஆயுள் முடியும்போது 1000 வாற்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சதுர மீற்றருக்கு 1361, வில்லை 0.9, கலம் 0.3 என்று பெருக்கினால் 367 வாற்று. கம்பியிழப்பு, திசைப்பிழை என்று 10% கழித்தால் 330. ஆயுள் முழுவதுக்குமான தேய்வு 15% என்று எடுத்தால் 280. ஆக வில்லைப் பரப்பு 3.6 சதுர மீற்றர், 8 மடங்கில் கலம் 0.45 சதுர மீற்றர்.

இதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. திசைப்பிழைகளை எல்லாம் பட்டியலிட்டுக் கூட்டுங்கள். கூட்டல் 2 பாகைக்குள் நிற்கவில்லை என்றால் குவிப்பை 5க்கோ 4க்கோ இறக்குங்கள், கலத்துக்குச் செலவு கூடட்டும். பிள்ளைகள் பெரும்பாலும் குவிப்பை முதலில் முடிவுசெய்துவிட்டு மற்றதெல்லாம் அதற்கு இணங்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். திசைப்பிழை குவிப்பைத் தீர்மானிக்கட்டும்.

இராவணா 1 செய்மதியில் குவிப்பான் இருந்ததா?

இல்லை. 2019 ஜூனில் விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட நம் நாட்டின் அந்தச் செய்மதி 10 சென்ரிமீற்றர்க் கனசதுரம். அந்த அளவில் உடம்பின் முகங்களில் கலத்தை ஒட்டுவதுதான் அறிவான வழி.

விண்வெளியில் ஓர் ஆடி வைத்து இரவில் மட்டக்களப்புக்கு வெளிச்சம் காட்டலாமா?

சிறு பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள், பெரியவர்களும்தான். ரஷ்யர்கள் 1993 பெப்ரவரியில் ஸ்நாம்யா 2 என்ற 20 மீற்றர் ஆடியை விரித்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 5 கிலோமீற்றர் அகலமான ஒளிவட்டம் ஐரோப்பாவைக் கடந்து ஓடியது, வெளிச்சம் முழுநிலவு அளவு. 1999இல் அடுத்ததை விரிக்கும்போது அது ஓர் அலைவாங்கியில் சிக்கிக்கொண்டது.

மறுபடியும் அந்த 0.53 பாகைதான் குறுக்கே நிற்கிறது. ஆடி எவ்வளவு சிறிதானாலும் 400 கிலோமீற்றர் உயரத்திலிருந்து விழும் வட்டம் 3.7 கிலோமீற்றரை விடச் சுருங்காது. கல்லடிப் பாலத்திலிருந்து ஊரின் நடுப்பகுதி முழுவதும் அதற்குள் அடங்கும். ஆனால் அந்த உயரத்தில் ஆடி நொடிக்கு 7.7 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிவிடும். ஓடாமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டுமென்றால் 36,000 கிலோமீற்றர் உயரம் போக வேண்டும். அங்கிருந்து வட்டம் 335 கிலோமீற்றர், இலங்கையின் அகலத்தை விடப் பெரியது! அதைப் பகல் வெளிச்சத்தால் நிரப்ப ஆடியும் அதே அகலம் வேண்டும்.

அப்படியானால் விண்வெளி மின்சாரத்தைத் தரைக்கு எப்படிக் கொண்டுவருவது? வயலுக்கு ஆபத்தா?

நுண்ணலையாக மாற்றி அனுப்புவது. 1968இல் பீற்றர் கிளேசர் இதை முன்வைத்தார். 1975இல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் 1.5 கிலோமீற்றருக்கு மேல் தூரத்தில் 30 கிலோவாற்றுக்கு மேல் வாங்கிக் காட்டினார்கள். 1970களின் இறுதியில் நாசாவும் அமெரிக்க எரிசக்தித் திணைக்களமும் ஆராய்ந்த 5 ஜிகாவாற்று மாதிரிக்கு இரண்டு தெரிவுகள் இருந்தன: குவிக்காத சிலிக்கன், அல்லது இரண்டு மடங்கு குவித்த காலியம் ஆசனைட். அவ்வளவு பெரிய கனவிலும் இரண்டு மடங்குதான் என்பதைக் கவனியுங்கள். சீனாவில் சிடியன் பல்கலைக்கழகம் கோள வடிவக் குவிப்பானை மையமாகக் கொண்ட ஒரு திட்டத்தின் தரைப் பரீட்சையை 2022இல் நடத்தியது.

அம்பாறை விவசாயிகளின் பிள்ளைகள் வயலைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். அந்த மாதிரியில் கற்றையின் நடுவில் சதுர மீற்றருக்கு 230 வாற்று, நண்பகல் வெயிலில் காற்பங்கிலும் குறைவு. ஓரத்துக்குப் போகப் போக இன்னும் குறையும். பெரிய தடை நிலம்தான். தரையில் நுண்ணலையை வாங்கி மீண்டும் மின்சாரமாக்கும் அலைவாங்கி வலை 35 பாகை அகலக்கோட்டில் 10க்கு 13 கிலோமீற்றர் நீள்வட்டம். நாம் 7 பாகையில் இருப்பதால் இங்கே அது கிட்டத்தட்ட 10 கிலோமீற்றர் வட்டம், 78 சதுர கிலோமீற்றர். மட்டக்களப்பு வாவியின் பரப்பில் பாதிக்கு மேல்! வலை ஒளியைப் பெரும்பாலும் கீழே விடும் என்றாலும், நெல் விளையும் நிலத்தை அதற்குக் கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

வீட்டில் செய்து பார்க்க ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. புத்தகம் படிக்க விற்கும் தட்டையான பிளாஸ்டிக் உருப்பெருக்கித் தாள் ஒரு பிரெனெல் வில்லை. தோட்ட விளக்கிலிருந்து கழற்றிய சிறு சூரியக் கலம் ஒன்றும் பல்மானியும் எடுங்கள். முதலில் கலத்தின் குறுஞ்சுற்று மின்னோட்டத்தை வெறும் வெயிலில் அளவுங்கள். பிறகு வில்லையைக் குவியத்தூரத்தை விடக் கிட்ட வைத்து, ஒளித்திட்டு கலத்தைச் சற்றுத் தாண்டி மூடும்படி செய்து அளவுங்கள். இரண்டின் விகிதம்தான் உங்கள் குவிப்பு. ஐந்து மடங்கைத் தாண்ட வேண்டாம், பிளாஸ்டிக் உருகும்.

இனி எதையும் அசைக்காமல் விட்டுவிடுங்கள். சூரியன் 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும், கோணமானி தேவையில்லை. நிமிடத்துக்கொரு முறை மின்னோட்டத்தைக் குறித்து வரைபு கீறினால், எத்தனை பாகையில் அது 90%க்கு இறங்குகிறது என்று தெரியும். ஏப்ரல் முதற்பாதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நம் மாவட்டங்களில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும். அப்போது எல்லாவற்றையும் தரையிலேயே கிடத்தி வைத்துச் செய்யலாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களின் தெளிந்த வானமும் நல்லது, வில்லை பறக்காமல் கட்டிக்கொள்ளுங்கள்.

வில்லை வழியாகச் சூரியனை ஒரு கணமும் பார்க்கக் கூடாது. கையை ஒளித்திட்டுக்குள் நீட்டக் கூடாது. அளக்காத நேரத்தில் வில்லையைத் துணியால் மூடி வையுங்கள். கிடுகு வேலிக்கும் வைக்கோலுக்கும் கிட்டவே கொண்டுபோக வேண்டாம். பழைய டிஷ் அன்ரனாவில் அலுமினியத் தாள் ஒட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: 60 சென்ரிமீற்றர்க் கிண்ணம் ஒன்றே 200 வாற்றுக்கு மேல் ஒரு கையகல இடத்தில் கொட்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

கணினியில் வடிவமைத்துப் பார்க்க மென்பொருள் உண்டா?

சோல்றேஸ் என்ற மென்பொருளை அமெரிக்க அரசின் எரிசக்தி ஆய்வுகூடம் ஒன்று (2025 வரை அதன் பெயர் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வுகூடம்) இலவசமாகத் தருகிறது. ஆடியின் வடிவத்தையும் சூரியனின் அகலத்தையும் கொடுத்தால் இலட்சக்கணக்கான கதிர்களை ஓடவிட்டு விம்பத்தைக் காட்டும். முதலில் மேலே சொன்ன 60 பாகை ஆடிகளை அதில் அமைத்துப் பாருங்கள். இரண்டு மடங்கு வந்தால், பிறகு ஆடியை ஒரு பாகை சாய்த்து என்ன நடக்கிறது என்று பாருங்கள்.